பெருங்கடலில் பன்னிரண்டு புள்ளிகள்: பசிபிக் தீவுகளின் இளையோர் கால்பந்து

(திரையில்: கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், 14 அக்டோபர் 2017)

பதினேழு வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை. 83ஆவது நிமிடம். ஜப்பான் ஒன்று, நியூ கலிடோனியா பூஜ்யம். ஏழாவது நிமிடத்திலேயே கோல் அடித்துவிட்ட ஜப்பான் நிம்மதியாக ஆடிக்கொண்டிருக்கிறது. எதிரே நிற்கும் சிறுவர்கள் அதே வாரத்தில் பிரான்சிடம் ஏழு கோல், ஹோண்டுராஸிடம் ஐந்து கோல் வாங்கியவர்கள். அப்போது ஜெகோப் ஜெனோ பந்தை வலைக்குள் அனுப்புகிறார். ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் அப்படியே முடிகிறது.

கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. அடுத்த சுற்று கிடையாது. ஆனால் மூன்று லட்சம் பேர்கூட இல்லாத ஒரு தீவு, தான் ஆடிய முதல் உலகக் கோப்பையிலேயே ஜப்பானைத் தடுத்து நிறுத்திவிட்டுத்தான் ஊர் திரும்பியது.

இந்தச் சிறுவர்கள் கொல்கத்தாவுக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தார்கள்? அந்த வழியைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

(திரையில்: பசிபிக் பெருங்கடலின் வரைபடம்)

பாருங்கள், இங்கே பெரும்பகுதி நீலம்தான். இதற்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிகின்ற புள்ளிகள்தான் ஓசியானியா கால்பந்துக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள். 1966இல் தொடங்கிய இந்தக் கூட்டமைப்பிலிருந்து ஆஸ்திரேலியா 2006இல் விலகி ஆசியாவுக்குப் போய்விட்டது. இன்று முழு உறுப்பினர்கள் பதினொருவர்: நியூசிலாந்து, பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், வனுவாட்டு, நியூ கலிடோனியா, ஃபிஜி, டோங்கா, சமோவா, அமெரிக்க சமோவா, குக் தீவுகள், தாஹிட்டி. துவாலுவும் கிரிபாட்டியும் இணை உறுப்பினர்கள். துவாலுவின் ஃபுனாஃபுட்டி தீவில் நிலம் எவ்வளவு அரிது என்றால், விமானம் வராத நேரத்தில் ஓடுபாதையிலேயே பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள்.

இவர்களில் நியூசிலாந்தைத் தனியே வைத்துவிட்டால் மீதி பன்னிரண்டு பேர். பப்புவா நியூ கினியில் சுமார் ஒரு கோடி மக்கள். குக் தீவுகளில் இருபதாயிரம் பேர்கூட இல்லை. இப்படிப்பட்ட நாடுகள்தான் ஒரே கோப்பைக்காக மோதுகின்றன.

மக்கள்தொகையைவிடப் பெரிய சிக்கல் தொலைவு. சாலமன் தீவுகளின் தலைநகர் ஹோனியாராவிலிருந்து தாஹிட்டியின் பப்பேட்டே 5,000 கிலோமீட்டருக்கும் மேல். நடுவே சர்வதேசத் தேதிக்கோடு ஓடுகிறது. ஹோனியாராவில் திங்கட்கிழமை மாலை என்றால் பப்பேட்டேயில் ஞாயிற்றுக்கிழமை இரவு. ஐரோப்பாவில் ஓர் இளையோர் அணி பக்கத்து நாட்டுக்குப் பஸ்ஸில் போய், ஆடி, மறுநாள் பள்ளிக்குத் திரும்பிவிடலாம். இங்கே ஒரு நட்பு ஆட்டத்துக்குக்கூடப் பல விமானங்கள் மாற வேண்டும், இருபது பேருக்கு மேல் டிக்கெட் வாங்க வேண்டும். அதனால் நட்பு ஆட்டங்கள் நடப்பதே அரிது.

எனவே ‘சொந்த மண்ணில் ஒன்று, எதிரணி மண்ணில் ஒன்று’ என்ற முறை இங்கே சரிப்படாது. எல்லோரையும் ஒரே தீவுக்கு வரவழைத்து இரண்டு வாரத்துக்குள் தொடரை முடித்துவிடுகிறார்கள். சிறிய நாடுகள் பல தடவை அதற்கும் முன்பாகத் தங்களுக்குள் ஒரு தனிச் சுற்று ஆடித் தேற வேண்டியிருந்தது. உலகக் கோப்பைக்கு முந்தைய ஆண்டில் நடக்கும்போது இதை 16 வயதுக்கு உட்பட்டோர், 19 வயதுக்கு உட்பட்டோர் தொடர் என்று அழைக்கிறார்கள். அடுத்த ஆண்டு உலகக் கோப்பைக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு ஒரு வயது கூடியிருக்கும் அல்லவா, அந்தக் கணக்கு.

போட்டி எந்தத் தீவில் நடக்கிறதோ அந்தத் தீவுக்கு அது திருவிழா. ஹோனியாராவின் லாசன் டாமா மைதானத்தில் ஒரு பக்கம் மலைச்சரிவுதான் கேலரி. புல்லில் உட்கார்ந்து ஊரே பார்க்கும். 2018இல் 16 வயதுக்கு உட்பட்டோர் இறுதி ஆட்டம் அங்குதான் நடந்தது. சாலமன் சிறுவர்கள் நியூசிலாந்தைக் கடைசி வரை கோல் அடிக்க விடவில்லை. பெனால்டியில்தான் தோற்றார்கள்.

ஃபிஜியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. ரக்பிதான் அந்த நாட்டின் உயிர்மூச்சு. ஆனால் கால்பந்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் பெரும்பாலும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட இந்தியர்களின் வழிவந்தவர்கள். 1938இல் அங்கே கால்பந்துச் சங்கம் உருவானபோது அதன் பெயரிலேயே ‘இந்தியர்’ என்ற சொல் இருந்தது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நடத்தும் ‘சங்கம்’ என்ற தென்னிந்தியர் அமைப்பு, ஈஸ்டர் விடுமுறையில் இன்றும் கால்பந்துப் போட்டி வைக்கிறது. இன்றைய ஃபிஜி அணியில் அந்த மண்ணின் பூர்வகுடிப் பிள்ளைகளே மிகுதி. பந்து கை மாறியிருக்கிறது, நின்றுவிடவில்லை.

(திரையில்: ஓர் இடம், இரண்டு இடம்)

இப்போது இந்தக் கதையின் மையத்துக்கு வருவோம். நெடுங்காலம் ஓசியானியாவுக்கு இளையோர் உலகக் கோப்பையில் ஒரே ஓர் இடம். முதலில் ஆஸ்திரேலியா, பிறகு நியூசிலாந்து என்று அந்த இடம் ஏறக்குறைய முன்பதிவு செய்யப்பட்டதுபோல இருந்தது. விதிவிலக்கு அபூர்வம். 2008இல் தாஹிட்டி தன் மண்ணிலேயே தொடரை வென்று, அடுத்த ஆண்டு 20 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பைக்காக எகிப்துக்குப் போனது. 2015இல் நியூசிலாந்தே 20 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை நடத்தியதால் அதற்குத் தானாகவே இடம் கிடைத்தது. காலியான இடத்துக்கு ஃபிஜி வந்தது. வந்தது மட்டுமா? ஜெர்மனியிடம் 8-1 என்று தோற்ற பிள்ளைகள் அடுத்த ஆட்டத்தில் ஹோண்டுராஸை 3-0 என்று வென்றார்கள்.

2017 முதல் இரண்டு இடங்கள். இந்தச் சின்ன மாற்றம் தொடரின் இயல்பையே புரட்டிப்போட்டது. இறுதிக்கு வரும் இரு அணிகளும் உலகக் கோப்பைக்குப் போகலாம் என்று ஆனதால், உயிரைக் கொடுத்து ஆடுகிற ஆட்டம் அரையிறுதியாகிவிட்டது. அதில் வென்றால் உலகம், தோற்றால் இன்னும் இரண்டு ஆண்டு காத்திருப்பு. அதற்குள் பலருக்கு வயது தாண்டிவிடும். நியூ கலிடோனியா இந்தியாவுக்கு வந்தது இந்த இரண்டாவது இடத்தில்தான். அதே ஆண்டு வனுவாட்டு 20 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பைக்காகத் தென் கொரியாவுக்குப் போய், மெக்சிகோவிடமும் ஜெர்மனியிடமும் 3-2 என்ற கணக்கில்தான் தோற்றது. மெக்சிகோவின் வெற்றி கோல் 90 நிமிடம் முடிந்து, வீணான நேரத்துக்காகச் சேர்த்த நிமிடங்களில்தான் வந்தது.

ஆனால் எல்லா முறையும் அப்படி நடக்கவில்லை, அதை மறைக்க நான் விரும்பவில்லை. 2019இல் பிரேசிலில் சாலமன் தீவுகள் மூன்று ஆட்டங்களில் இருபது கோல் வாங்கின. 2023இல் இந்தோனேசியாவில் நியூ கலிடோனியாவை இங்கிலாந்து 10-0, பிரேசில் 9-0 என்று வென்றன. இப்படி ஒவ்வொரு முறை நடக்கும்போதும், இவர்களுக்கு எதற்கு இடம் என்று யாராவது கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி வலிக்கிறது.

ஏனென்றால் அந்த எண்களுக்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல என்று உறுதியாக நம்புகிறேன். பிரேசில் சிறுவன் உலகக் கோப்பைக்கு வருவதற்குள் ஒரு பெரிய கிளப்பில் பல ஆண்டுகள் வாரந்தோறும் தனக்குச் சமமானவர்களோடு மோதியிருப்பான். தீவுச் சிறுவன் சந்தித்த வெளிநாட்டு அணிகள் பெரும்பாலும் தகுதித் தொடரில் வந்த ஐந்தாறுதான். நிமிர்ந்து பார்ப்பதற்குள் பந்து பறிபோகும் வேகத்தை அவன் முதன்முதலாக உணர்வதே உலகக் கோப்பை மேடையில். மூன்றாவது கோல் விழுந்த பிறகு எப்படி நிதானமாக ஆடுவது என்பதைப் பயிற்சியாளர் கரும்பலகையில் கற்றுக்கொடுக்க முடியாது.

எண்ணுக்குப் பின்னால் வேறு கதை இருப்பதற்கு ஒரு பழைய உதாரணம். 2001 ஏப்ரல் 11, ஆஸ்திரேலியாவின் காஃப்ஸ் ஹார்பர். பெரியவர்களுக்கான உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆஸ்திரேலியா 31, அமெரிக்க சமோவா 0. உலகமே சிரித்த அந்த ஆட்டத்தின் பின்னணி வேறு. பாஸ்போர்ட் சிக்கலால் அமெரிக்க சமோவாவின் வழக்கமான வீரர்களில் கோல்கீப்பர் நிக்கி சலாபு ஒருவர்தான் ஆட முடிந்தது. இருபது வயதுக்கு உட்பட்டோர் அணியை அழைக்கலாம் என்றால், பலருக்குப் பள்ளித் தேர்வு. கடைசியில் பதினைந்து வயதுப் பிள்ளைகள்கூட இறங்கினார்கள். அந்தச் சலாபு பத்து ஆண்டுகள் கழித்து, 2011 நவம்பரில் டோங்காவை 2-1 என்று வென்ற ஆட்டத்திலும் கோல்கம்பத்தின் நடுவே நின்றார். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா அங்கீகரித்த ஆட்டங்களில் அதுவே அவர்களின் முதல் வெற்றி.

இப்படிக் காத்திருந்து பார்க்க வேண்டிய கால்பந்து இது. 2009இல் எகிப்தில் தாஹிட்டி ஸ்பெயினிடம் எட்டு, வெனிசுவேலாவிடம் எட்டு, நைஜீரியாவிடம் ஐந்து கோல் வாங்கியது. ஒரு கோலும் அடிக்கவில்லை. அந்த இளைஞர்களில் பலர் பெரியவர்கள் அணிக்கு வந்தார்கள். 2012 ஜூனில் ஹோனியாராவில் நியூ கலிடோனியாவை 1-0 என்று வென்று ஓசியானியா கோப்பையைத் தூக்கியது தாஹிட்டி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தவிர வேறொரு நாடு அந்தக் கோப்பையைத் தொட்டது அதுவே முதல் தடவை.

கொல்கத்தாவில் கோல் அடித்த ஜெனோவும் அங்கேயே நின்றுவிடவில்லை. நியூ கலிடோனியாவின் தேசிய அணிக்கு வந்தார், ருமேனியாவின் முதல் நிலை லீக் வரை போனார். எல்லோருக்கும் அப்படிக் கடல் தாண்டும் வாய்ப்பு இல்லை. அதனால்தான் 2026 ஜனவரியில் எட்டு கிளப்புகளோடு தொடங்கிய ஓசியானியா தொழில்முறை லீக் எனக்கு அவ்வளவு பெரிய செய்தியாகப் படுகிறது. சாலமனிலும் வனுவாட்டுவிலும் தாஹிட்டியிலும் இருந்து வரும் அணிகள் அதில் ஆடுகின்றன. இனி ஒரு பதினெட்டு வயதுப் பையனுக்கு உலகக் கோப்பைக்கு இடைப்பட்ட மாதங்களிலும் கடினமான ஆட்டம் கிடைக்கும்.

(திரையில்: கத்தார், நவம்பர் 2025)

பதினேழு வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை இப்போது 48 அணிகளோடு ஆண்டுதோறும் நடக்கிறது. ஓசியானியாவுக்கு மூன்று இடங்கள். நியூசிலாந்து, ஃபிஜி, நியூ கலிடோனியா மூன்றும் கத்தாருக்குப் போயின. அங்கே நியூ கலிடோனியாவுக்கு எதிரே மறுபடியும் ஜப்பான். இந்த முறை 0-0. எட்டு ஆண்டுகளில் இரண்டு தடவை, ஜப்பான் வெல்ல முடியாமல் திரும்பியது. ஆனால் அடுத்த ஆட்டத்தில் நியூ கலிடோனியா மொராக்கோவிடம் 16-0 என்று தோற்றது.

தாஹிட்டிக்கு எகிப்தின் 21 கோல்களிலிருந்து ஹோனியாராவின் கோப்பைக்குப் போக மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. கத்தாரில் ஆடிய நியூ கலிடோனியச் சிறுவர்களுக்கு 2028இல் இருபது வயது நடக்கும். அந்த அணியின் பட்டியலை நான் எழுதி வைத்திருக்கிறேன்.