கொசுவும் காக்காவும்

நடுவர் அய்யா, பங்குனி வெயில்லயும் பந்தலை விட்டு நகராத மதுரை மக்களே, எல்லாருக்கும் வணக்கம். நேரம் கம்மி. 'இளவேனிலை ரசிக்க ஏத்த இடம் மலையா, வீட்டு வாசலா?' நான் வாசல் கட்சி.

எனக்கு முன்னால பேசின மலை அணி அக்கா, மேடையை விட்டு இறங்கும்போது ஒரு கல்லை வீசிட்டுப் போனாங்க. "மதுரைக்காரன் வாசல்ல என்னய்யா இருக்கு? கொசுவும் காக்காவும்தான்!" நீங்களும் கைதட்டுனீங்க. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். யாரு யாரு தட்டுனீங்கன்னு குறிச்சும் வச்சிருக்கேன்.

முதல்ல கொசு. அக்கா, கடிக்கிறது பொம்பளைக் கொசு மட்டும்தான். முட்டை உண்டாக அதுக்கு நம்ம ரத்தத்துல இருக்கிற புரதம் வேணும். ஆம்பளைக் கொசு பாவம், பூவுல தேனை உறிஞ்சிட்டு ஓரமா கிடக்கும். வீட்டுக்கு வீடு இதே கதைதானேன்னு நான் சொல்ல மாட்டேன். மூணாவது வரிசையில என் வீட்டம்மா உக்காந்திருக்காங்க. நான் கொசுவைப் பத்தி மட்டும்தான் பேசுறேன்.

அடுத்து காக்கா. குயில் கூடு கட்டாது. காக்காக் கூட்டுல முட்டை வைக்கும். ஆண் குயில் போய் வம்பிழுக்கும், காக்கா கோபத்துல அதைத் துரத்தும், அந்தச் சந்துல பெண் குயில் உள்ள நுழைஞ்சு முட்டையை வச்சிட்டு வந்துரும். ஊட்டி வளக்குறது காக்கா. காக்காவை இளக்காரமா பேசிட்டு குயில் பாட்டை மட்டும் ரசிப்பேன்னா எப்படிக்கா? இன்னொண்ணு. கூவுறது கன்னங்கரேல்னு இருக்கிற ஆண் குயில். பெண் குயில் பழுப்பா, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியா இருக்கும். அது பாடாது, 'கிக்கிக்கிக்'னு கத்தும். இனிமே வீட்டுல 'நீ குயில் மாதிரி பாடுற'ன்னு சொல்றதுக்கு முன்னாடி யோசிச்சுக்குங்க.

சரி, கறிவேப்பிலைக்கு வருவோம். எங்க வாசல்ல இடுப்பு உசரத்துக்கு ஒரு செடி. போன வருசம் இதே பங்குனியில ஒருநாள் இலை மேல காக்கா எச்சம். வீட்டம்மா செம்புல தண்ணி மோந்து ஊத்துனாங்க. எச்சம் நகந்துச்சு! "என்னங்க, எச்சம் நடக்குது!" தெருவே கூடிருச்சு. பாத்தா புழு. கறிவேப்பிலை அழகன்னு ஒரு பட்டாம்பூச்சி உண்டு, கறுப்பு றெக்கையில வெள்ளைப் பொட்டு வரிசை. அதோட புழு சின்னதுல எச்சம் மாதிரி வேஷம் கட்டும். எச்சத்தை எந்தக் குருவி திங்கும்? வளந்ததும் பச்சையாகி இலையோட இலையா ஒட்டிக்கும்.

அந்தச் சமயம் பாத்து பக்கத்து வீட்டு அத்தை ரசத்துக்கு ஒரு கொத்து கேட்டாங்க. "பிள்ளை சாப்பிட்டுக்கிட்டு இருக்கு அத்தை, அப்புறம் வாங்க"ன்னேன். அத்தையா கேப்பாங்க? கையை நீட்டுனாங்க. புழு தலைக்குப் பின்னால இருந்து செக்கச்செவேல்னு ரெட்டைக் கொம்பை நீட்டுச்சு பாருங்க... ஒரு நாத்தம்! அத்தை அன்னைக்கு ரசமே வைக்கலை. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கலையாம், மறுபடி சொல்றேன்: எச்சம் நடந்துச்சு, அதுக்குக் கொம்பு முளைச்சுச்சு, அத்தை ஓடுனாங்க! அவனியாபுரத்துக் காளைக் கொம்புக்கு அஞ்சாத சனம், இந்தக் கொம்புக்குக் கதவைச் சாத்துச்சு.

அது கூட்டுப்புழுவாகி, ஒருநாள் காலையில கசங்கின றெக்கையோட வெளிய வந்து, காயுறவரைக்கும் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. விட்டுட்டுப் போக மனசு வரலை. லீவு லெட்டர்ல என்ன எழுதுறது? 'வீட்டில் பிரசவம்'னு எழுதிட்டேன். மறுநாள் ஆபீஸ்ல கேட்டாங்க, "ஆணா, பொண்ணா?"

ஊட்டி மலர்க் காட்சி அழகுதாங்க, யாரு இல்லேன்னா? ஆனா 2024 மே மாசத்துல இருந்து ஊட்டிக்கு வண்டியில போக இ-பாஸ் எடுக்கணும். எங்க வாசலோரத் தாத்தாப்பூவை எந்தப் பொடிசும் பறிச்சு, கட்டைவிரலால தலையைச் சுண்டி விடலாம். புங்க மரத்தடியில பொரி கொட்டின மாதிரி பூ கிடக்கும். மிதிச்சுக்கிட்டுத்தான் பால் வாங்கப் போறோம்.

மணி அடிக்கப் போறீங்க, தெரியுது நடுவர் அய்யா. ஒரே ஒரு நிமிசம்.

எங்கம்மா வருசா வருசம் வேப்ப மரத்தடியில பழைய சேலையை விரிச்சு, சித்திரை ஒண்ணாந்தேதி பச்சடிக்குப் பூ சேப்பாங்க. ஒரு ஐப்பசியில பக்கவாதம் வந்துச்சு. வலது கையும் காலும் போச்சு, பேச்சும் போச்சு. பங்குனி வந்ததும் கட்டிலைத் தூக்கி அந்த மரத்தடியிலயே போட்டோம். சேலை விரிக்க ஆள் இல்லை. பூ அம்மா மேலயே உதிரும்.

சின்ன வயசுல குயில் கூவுனா நாம பதிலுக்குக் கூவுவோமே? அதுவும் விடாம இன்னும் உசத்திக் கூவுமே? ஒருநாள் விடியக்காலம் குயில் கூவுச்சு. தாழ்வா இன்னொரு 'கூ' கேட்டுச்சு. மரத்துல தேடுறேன், காணோம். சத்தம் கட்டில்ல இருந்து வந்துச்சுங்க. அஞ்சு மாசமா ஒரு வார்த்தை பேசாத எங்கம்மா. குயில் உசத்துச்சு. அம்மாவும் உசத்துனாங்க. வாய் ஒரு பக்கம் கோணியிருக்கு, கண்ணு மட்டும் சிரிக்குது. நான் பல்லு விளக்குற குச்சியோட அப்படியே நின்னுட்டேன்.

அம்மா போய் மூணு வருசமாச்சு. இந்த வருசமும் ஒரு குயில் வந்திருச்சு. விடியக்காலம் நாலரைக்கெல்லாம் கூப்பிட ஆரம்பிச்சிருது. அக்கா, நான் உங்க கூட ஊட்டிக்கு வந்துட்டேன்னா, அதுக்கு யாருக்கா பதில் கூவுறது?

வணக்கம்.