ஐஸ் போதை மூளைக்குள் என்ன செய்கிறது?

(திரையில்: இரண்டு நரம்பு செல்கள், நடுவில் ஒரு சின்ன இடைவெளி)

"ரெண்டு நாளா தூங்கல, ஆனா களைப்பே தெரியல." மெத்தாம்பெட்டமைன் எடுத்தவர்கள் இப்படிச் சொல்வார்கள். மெத், ஐஸ், கிரிஸ்டல் எல்லாம் இதே பொருள்தான். அந்தத் தெம்பை இந்தப் போதைப்பொருள் கொடுக்கவில்லை, உடம்பு சேர்த்து வைத்திருந்ததைத்தான் மொத்தமாக எடுத்துச் செலவழிக்கிறது.

இந்தப் படத்தைப் பாருங்கள். நமக்குப் பிடித்த ஒன்று நடக்கும்போது ஒரு செல், டோபமைன் என்ற சந்தோஷத்தை உணரவைக்கும் ரசாயனத்தைக் கொஞ்சம் வெளியே விடும், பக்கத்து செல் அதை வாங்கிக்கொள்ளும், வேலை முடிந்ததும் முதல் செல்லில் இருக்கும் ஒரு பம்பு மிச்சத்தைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். மெத்தின் வடிவம் டோபமைனைப் போலவே இருப்பதால் அந்தப் பம்பு ஏமாந்து அதையும் உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே போனதும் டோபமைன் இருக்கும் பைகளைக் காலி செய்து, பம்பையே தலைகீழாக ஓட வைக்கிறது. இழுக்க வேண்டியது இப்போது வெளியே கொட்டுகிறது, அதுவும் மணிக்கணக்கில். கோக்கைன் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும், மெத்துக்கு 10 முதல் 12 மணி நேரம்.

பையை விட்டு செல்லுக்குள் சிந்தும் டோபமைன் ஆக்சிஜனோடு வினைபுரிந்து நச்சாக மாறி, நரம்பின் நுனியையே அரிக்கிறது. உடம்புச் சூடு ஏற ஏற இந்தச் சேதமும் கூடும்.

(திரையில்: இதயம், ரத்தக்குழாய்)

மற்ற உறுப்புகளும் தப்புவதில்லை. ரத்தக்குழாய் சுருங்கி, அழுத்தம் எகிறி, இளம் வயதிலேயே பக்கவாதமோ மாரடைப்போ வரலாம். நாளாக ஆக இதயத் தசை தளர்ந்துபோகும். உடம்பு அளவுக்கு மீறிச் சூடானால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கும். வாய் வறண்டு, பல்லை நறநறவெனக் கடித்துக்கொண்டே இருப்பதால் பல் சொத்தையாகி உடைகிறது. தோலுக்கு அடியில் பூச்சி ஊர்வது போலத் தோன்றி, சொறிந்து சொறிந்தே புண்ணாக்கிக்கொள்கிறவர்களும் உண்டு.

அப்புறம் சந்தேகம். யாரோ பின்தொடர்கிறார்கள், சுவருக்குப் பின்னால் பேசுகிறார்கள் என்று தோன்றும். அவருக்கு அது பொய் இல்லை, அதனால் வாதாடாதீர்கள். தாழ்ந்த குரலில் பேசுங்கள், வாசலை மறித்து நிற்காதீர்கள். நெஞ்சு வலி, வலிப்பு, உடம்பு நெருப்பாகக் கொதிப்பது, இதில் எது வந்தாலும் உடனே ஆம்புலன்ஸ். என்ன எடுத்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது.

சரி, நிறுத்திவிட்டால்? முதல் சில நாட்கள் ஓயாத தூக்கம், பசி. அப்புறம் ஒரு வெறுமை, சாப்பாடு, பாட்டு, பெற்ற பிள்ளையின் சிரிப்பு எதுவுமே மனதைத் தொடாது. வீட்டில் இருப்பவர்கள் இதைத் திமிர் என்றும் சோம்பல் என்றும் திட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கனத்துப்போகும். அடி வாங்கிய மூளை அது. தற்கொலை எண்ணம்கூட வரலாம், அதனால் அந்த நாட்களில் அவரைத் தனியாக விடாதீர்கள்.

போதையால் மூளையில் வரும் மாற்றங்களை ஆராயும் அமெரிக்க விஞ்ஞானி நோரா வோல்கோவின் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். மெத் எடுத்தவர்களின் மூளையில் அந்த டோபமைன் பம்புகள் குறைந்திருந்தன. அவர்களில் ஐந்து பேரை, 12 முதல் 17 மாதம் வரை தொடாமல் இருந்த பிறகு மறுபடி ஸ்கேன் செய்தபோது, பம்புகள் மீண்டும் கூடியிருந்தன. ஞாபகமும் கை கால் வேகமும் அதே அளவுக்குத் திரும்பவில்லை என்பதும் உண்மை. ஆனால் "மூன்று மாதம் ஆச்சு, இன்னும் ஒண்ணும் மாறல" என்று உடைந்துபோகிறவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், மூன்று மாதம் போதாது.

இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. இப்போதைக்கு நன்றாக வேலை செய்வது ஒரு எளிய முறை, சிறுநீர்ப் பரிசோதனையில் மெத் இல்லை என்று வரும் ஒவ்வொரு முறையும் கையில் ஒரு சின்னப் பரிசு, கூடவே ஆலோசனை. குழந்தைத்தனமாகத் தெரியலாம். ஆனால் நாள் கழித்து வரும் நன்மையை உணர முடியாத மூளைக்கு, இன்றைக்கே கையில் கிடைக்கும் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டுகிறது.