யாரும் தொடாமலே கிழியும் தசை

நேயர்களுக்கு வணக்கம். நான் ஓர் இயன்முறை மருத்துவர். இன்று தொடைத் தசைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1992, பார்சிலோனா ஒலிம்பிக், 400 மீட்டர் அரையிறுதி. பிரிட்டனின் டெரெக் ரெட்மண்ட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவர், திடீரென்று பின்தொடையைப் பிடித்துக்கொண்டு தடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரை இடிக்கவில்லை. கால் தடுக்கவும் இல்லை. பிறகு அவர் எழுந்து நொண்டியபோது, அவருடைய அப்பா ஓடிவந்து தோள்கொடுத்து எல்லைக் கோடுவரை கூட்டிப்போனார். அந்தக் காட்சியை இப்போது பார்த்தாலும் எனக்கு மனசு கனத்துவிடும்.

யாரும் தொடாமல் தசை எப்படிக் கிழிகிறது? பின்தொடையில் இருக்கும் ஹாம்ஸ்ட்ரிங் தசைகள் இடுப்பையும் முழங்காலையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. வேகமாக ஓடும்போது கால் முன்னால் வீசப்படும். பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு அந்த வீச்சுக்கு பிரேக் போடுவது இந்தத் தசைதான். அந்த நொடியில் அது நீண்டுகொண்டே இழுத்தும் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் கிழிகிறது. சிலருக்கு 'டப்' என்று விட்டுப்போனது போலவே இருக்கும்.

அந்த நேரத்தில் நம் ஊரில் உடனே எண்ணெய் போட்டு உருவிவிடுவார்கள், இல்லாவிட்டால் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார்கள். அக்கறையோடு செய்வதுதான், ஆனால் முதல் இரண்டு மூன்று நாள் தயவுசெய்து வேண்டாம். உள்ளே ரத்தம் கசியும் நேரம் அது. துணியில் சுற்றிய ஐஸை பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தால் போதும். கால் ஊன்றவே முடியாவிட்டாலோ, தொடை முழுக்கக் கருநீலமாகிவிட்டாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கபடியில் எதிராளியின் முட்டி முன்தொடையில் மோதுமே, அது கிழிசல் இல்லை, ஊமைக்காயம். அதைப் போட்டு அழுத்தித் தேய்த்தால், சிலருக்குத் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடுவது உண்டு. பந்தை ஓங்கி உதைக்கும்போதும் முன்தொடை கிழியலாம்.

சரி, எப்போது மறுபடி ஓடலாம்? எனக்குப் பெரிய கவலையே இதில்தான். நடக்கும்போது வலி போய்விட்டால் பிள்ளைகள் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். தசை இன்னும் பலவீனமாகத்தான் இருக்கும். ஒருமுறை கிழிந்த ஹாம்ஸ்ட்ரிங் மறுபடி கிழிவது சர்வசாதாரணம், பல நேரம் முன்னைவிட மோசமாக.

பலம் சேர்க்க ஒரு எளிய பயிற்சி இருக்கிறது, நார்டிக் பயிற்சி என்பார்கள். முட்டி போட்டு நில்லுங்கள். கூட்டாளி கணுக்காலை அழுத்திப் பிடிக்கட்டும். இடுப்பை மடக்காமல், உடம்பை மெல்ல மெல்ல முன்னால் சாயவிடுங்கள். தசை நீண்டுகொண்டே இழுக்கப் பழகும். இதைத் தொடர்ந்து செய்த அணிகளில் இந்தக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காயம்பட்டவர்கள் வலி அடங்கிய பிறகு, சிகிச்சை தருபவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்கலாம்.

பள்ளி விளையாட்டு ஆசிரியர்களே, இதற்கு வாரம் இரண்டு நாள், பத்து நிமிடம் ஒதுக்குங்கள். காயம்பட்ட பிள்ளை முழு வேகத்தில், வலியும் பயமும் இல்லாமல் ஓடிக் காட்டும்வரை தொடரோட்ட அணியில் அந்தப் பெயரை எழுதாதீர்கள்.