கிறிஸ்துமஸ் கதையில எதுக்குங்க இவ்வளவு அழுகை? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இன்னைக்கு நாலு சந்தேகம் எடுத்து வச்சிருந்தேன். இந்த ஒண்ணைப் படிச்சதும் மத்த மூணையும் தள்ளி வச்சிட்டேன். ரெண்டு நாளா மண்டைக்குள்ள இதுதான் ஓடுது.

ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. "நீங்க சொன்னீங்கன்னுதான் மேட் ஹெய்க் எழுதின 'எ பாய் கால்ட் கிறிஸ்துமஸ்' வாங்கினேன். எட்டு வயசுப் பொண்ணுக்குப் படிச்சுக் காட்டினா, நடுவுல தேம்பித் தேம்பி அழறா. மூடி வச்சிட்டேன். கிறிஸ்துமஸ் தாத்தா கதைன்னா சந்தோஷமா இருக்க வேண்டாமா? குழந்தைங்க புத்தகத்துல இவர் எதுக்கு இவ்வளவு துக்கத்தைக் கொண்டு வந்து கொட்டறார்?"

நான் சொல்லி வாங்கினதுன்னா பழி என் மேலதான், ஏத்துக்கறேன். ஆனா புத்தகத்தை மூடினீங்க பாருங்க, அதைத்தான் ஏத்துக்க முடியல.

புதுசா வந்தவங்களுக்காகக் கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். ஃபின்லாந்துல நிக்கோலஸ்னு ஒரு ஏழைப் பையன். அம்மா இல்ல, ஒரு கரடியால போயிட்டாங்க. அப்பா விறகு வெட்டறவர். பணம் கிடைக்கும்னு, எல்ஃப்னு சொல்றாங்களே அந்தக் குட்டி மனுஷங்க நிஜமாவே இருக்காங்களான்னு தேடி வடக்கே கிளம்பிடறார். பையன் ஒரு பொல்லாத அத்தை கையில மாட்டிக்கறான். அப்புறம் அவனும் அப்பாவைத் தேடிப் போறான். இந்தப் பையன்தான் பின்னாடி கிறிஸ்துமஸ் தாத்தா. இவ்வளவுதான் கதை. 2015ல வந்தது, கிறிஸ் மோல்டு படம் போட்டிருக்கார்.

இந்தக் கதை எங்கேருந்து வந்துச்சுன்னு ஹெய்க்கே சொல்லியிருக்கார். அவரோட பையன் கேட்டானாம், கிறிஸ்துமஸ் தாத்தா சின்னப் பையனா இருந்தப்ப எப்படி இருந்தார்னு. நான் வழக்கமா சொல்றதுதான், பழைய ஆளுங்க சிரிக்காதீங்க: நல்ல குழந்தைக் கதை எல்லாம் ஏதோ ஒரு குழந்தை கேட்ட கேள்விக்கு யாரோ ஒரு பெரியவங்க ஏமாத்தாம சொன்ன பதில். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதின டோல்கீனை எடுத்துக்கோங்க. 1920ல அவரோட மூணு வயசுப் பையன் ஜான், கிறிஸ்துமஸ் தாத்தா எப்படி இருப்பார், எங்க இருப்பார்னு கேட்டான். பதிலா வட துருவத்திலிருந்து கடிதமே வந்துடுச்சு! குளிர்ல நடுங்கற கிழவனோட கையெழுத்து, தபால் தலை கூட அவரே வரைஞ்சது. 1943 வரைக்கும், தன் பிள்ளைங்க நாலு பேருக்கும் அப்படி எழுதியிருக்கார் மனுஷன். வட துருவக் கரடி ஒண்ணு வருஷா வருஷம் எதையாவது போட்டு உடைக்கும். யுத்தம் வந்தப்ப கடிதத்துலயும் யுத்தம் வந்துடுச்சு, கையிருப்பு குறைஞ்சு போச்சுன்னு தாத்தா எழுதறார். மறைக்கல பாருங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

நீங்க கேட்டது, ஏன் இவ்வளவு சோகம். யாராவது கேட்க மாட்டாங்களான்னு நான் காத்துக்கிட்டிருக்கற கேள்வி வேற. அந்தத் தாத்தா புகைபோக்கி வழியா எப்படி இறங்கறார், ஒரே ராத்திரியில உலகத்தை எப்படிச் சுத்தறார், மான் எப்படிப் பறக்குது, இதெல்லாம் எல்லாரும் கேட்டாச்சு. முன்னப்பின்ன தெரியாத பிள்ளைங்களுக்கு அந்த ஆள் ஏன் பொம்மை கொடுக்கறார்? அதை யாரும் கேட்கறதில்ல. அதுக்குப் பதில் சொல்லத்தான் ஹெய்க்குக்கு அந்தச் சோகம் தேவைப்பட்டுச்சு.

நிக்கோலஸ்கிட்ட இருந்தது ரெண்டே ரெண்டு விளையாட்டுச் சாமான். அப்பா செஞ்ச ஒரு மரச் சறுக்கு வண்டி. அம்மா டர்னிப் கிழங்குல முகம் செதுக்கிக் கொடுத்த ஒரு பொம்மை. அந்த அத்தை என்ன செய்யறா? அந்தப் பொம்மையை எடுத்துக் கொதிக்க வச்சு சூப் ஆக்கிடறா.

அண்ணன் பையனுக்கு இதைப் படிச்சுக் காட்டினப்ப அந்த இடத்துல நிறுத்தச் சொன்னான். அழல. பக்கத்து மேல கையை வச்சு மூடிக்கிட்டு, "சித்தப்பா, அது அவனோட அம்மா செஞ்சதுன்னு அத்தைக்குத் தெரியுமா?"ன்னு கேட்டான். தெரியும்டான்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கையை எடுத்துட்டு "ம், படி"ன்னான். அந்த "ம்" இருக்கே, அதை இன்னும் மறக்க முடியல.

இப்ப யோசிங்க. இருந்த ஒரே பொம்மை சூப்பாப் போன பையன் பெரியவனாகி உலகத்துப் பிள்ளைங்களுக்கெல்லாம் பொம்மை கொடுக்கறான்னா, எட்டு வயசுக் குழந்தை நம்பும். பணக்கார வீட்டுல பொம்மைக் குவியலுக்கு நடுவுல வளர்ந்தவன் கொடுக்கறான்னா, சரி, கொடுக்கறான், அவ்வளவுதான். டர்னிப்பை எடுத்துட்டா கதைக்குக் காரணமே இல்ல.

இது ஹெய்க் கண்டுபிடிச்சதும் இல்ல. 1902லயே ஃபிராங்க் பாம், ஆமா, 'விசார்ட் ஆஃப் ஆஸ்' கதை எழுதினவர்தான், கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு வாழ்க்கை வரலாறு எழுதினார். அதுல தாத்தா, யாரோ காட்டுல விட்டுட்டுப் போன கைக்குழந்தை. வனதேவதை ஒருத்தி எடுத்து வளர்க்கறா. வளர்ந்ததும் காட்டுக்குப் பெரியவர் ஒருத்தர் அவனைக் கூட்டிக்கிட்டு மனுஷங்க எப்படி இருக்காங்கன்னு உலகத்தைச் சுத்திக் காட்டறார். பிள்ளைங்க படற பாட்டைப் பார்த்துட்டுத்தான் அவன் காட்டை விட்டே வர்றான். முதல்ல செஞ்ச பொம்மை, தன்னோட பூனையைப் பார்த்துச் செதுக்கின மரப்பூனை. அங்க மரப்பூனை, இங்க டர்னிப். எனக்கு டர்னிப்தான் உசத்தி.

ஹெய்க்கைப் பத்தி ஒண்ணு சொல்லணும். மன அழுத்தம் பத்தின பேச்சுல இவரைச் சொல்லியிருந்தேன், அதே ஆள்தான். 24 வயசுல, ஸ்பெயின்ல இபிஸா தீவுல இருந்தப்ப, வாழவே வேண்டாங்கற நிலைமைக்குப் போய், அப்பா அம்மா வீட்டுக்கு இங்கிலாந்துக்குத் திரும்பினவர். சின்ன வயசுல படிச்ச புத்தகங்களை மறுபடி எடுத்துப் படிச்சிருக்கார் அப்ப. அந்த நாட்களைப் பத்தி 'ரீசன்ஸ் டு ஸ்டே அலைவ்'னு எழுதின புத்தகமும் 2015லதான் வந்தது. அதே வருஷம் பாருங்க! ரெண்டும் ஒரே விஷயம்னு சொல்ல வரல. இருட்டு எவ்வளவு தூரம் போகும்னு தெரிஞ்ச ஆள் குழந்தைக்குக் கதை சொன்னா, பூசி மெழுக மாட்டார்.

அதுக்காக ஒரே ஒப்பாரியும் இல்லைங்க. பாலாடைக்கட்டியைக் கண்ணால கூடப் பார்க்காம அதையே நினைச்சு ஏங்கற ஒரு எலி வருது. பொய்யே சொல்ல வராத குட்டி தேவதை ஒருத்தி வர்றா, அவளுக்கு யார் தலையாவது வெடிக்கறதைப் பார்க்கணும்னு ஆசை. அண்ணன் பையன் அங்க விழுந்து விழுந்து சிரிச்சான். நீங்க அந்தப் பக்கத்துக்கு முன்னாடியே மூடிட்டீங்களோன்னு எனக்குச் சந்தேகம்.

இந்தப் புத்தகத்தை வச்சு 2021ல வந்த படத்துல இதைச் சரியாப் பிடிச்சிருக்காங்க. கில் கெனன் இயக்கினது. லண்டன்ல மூணு பிள்ளைங்க, அம்மா இல்ல. அந்த வீட்டுக்கு கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி ஒரு வயசான அம்மா, நடிச்சது மேகி ஸ்மித், வந்து உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்றாங்க. யாருக்குச் சொல்றாங்க பாருங்க! அழுது முடிச்ச பிள்ளைங்களுக்கு.

இதோட தொடர்ச்சியா ஹெய்க் எழுதின ரெண்டாவது புத்தகத்துல புகைபோக்கி சுத்தம் பண்ற ஒரு சின்னப் பொண்ணு, விக்டோரியா காலத்து லண்டன், எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸே ஒரு பாத்திரமா வர்றார். 12 வயசுல ஷூ பாலிஷ் தொழிற்சாலையில வேலை பார்த்தவர் அவர், அப்பா கடனுக்காக ஜெயில்ல. அதுக்குள்ள போனா இன்னைக்கு வீடு போய்ச் சேர மாட்டோம், தனியாப் பேசலாம்.

சகோதரி, விட்ட இடத்திலிருந்து படிங்க. இன்னொரு தடவை அழலாம், பின்னாடி அப்பா விஷயம் ஒண்ணு இருக்கு, முன்னாடியே சொல்லிடறேன். அழுதா நிறுத்திட்டு அவ என்ன கேட்கறான்னு கேளுங்க. அப்படியே அவ முதல்ல அழுதது எந்தப் பக்கம்னு எனக்கு எழுதுங்க. டர்னிப்தான்னு நினைக்கறேன்.