லீக் நின்றபோது யாருடைய சம்பளம் நின்றது?

அவைக்கு வணக்கம். பெங்களூர் அல்சூரில் மேடை போட்டு ஃபுட்பால் பற்றிப் பேசச் சொன்னால் யாருக்கும் கொஞ்சம் உதறல் எடுக்கும். முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களில் பாதிப்பேர் நன்றாக ஆடியவர்கள். மீதிப்பேர் அவர்கள் ஆடியதைச் சுவரேறிக் குதித்துப் பார்த்தவர்கள். நான் ஆடியவன் இல்லை, டிக்கெட் வாங்கிக் கத்துகிறவன். அதனால் ரசிகனாகத்தான் பேசப்போகிறேன். கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் இந்த ஊரில் நடந்ததை முதலில் நினைத்துப் பாருங்கள். 2025 ஜூன் 3 அன்று ஆர்.சி.பி. தன்னுடைய பதினெட்டாவது சீசனில் முதல் ஐ.பி.எல். கோப்பையை வென்றது. மறுநாள் சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் நெரிசலில் 11 பேர் செத்துப்போனார்கள். கோப்பையைப் பார்க்கப் போன பிள்ளைகள். அவர்களைப் பற்றி இங்கே அவசரமாகப் பேசிவிட்டுப் போக எனக்கு மனம் இல்லை. அந்த வாசலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கண்டீரவா ஸ்டேடியம் இருக்கிறது. அங்கே ஆடுகிற ஃபுட்பால் கிளப் பெங்களூரு எஃப்.சி. ஆகஸ்டு மாதம் ஓர் அறிக்கை விட்டது: முதல் அணி ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளம் காலவரையின்றி நிறுத்தம். ஒரே ஊர், ஒரே வருஷம். ஒரு விளையாட்டில் கூட்டம் தாங்க முடியவில்லை, இன்னொன்றில் சம்பளம் கொடுக்க முடியவில்லை.

இதற்காக அந்த கிளப்பை மட்டும் திட்டுவது நியாயமாகாது. நாட்டின் முதல்நிலை ஃபுட்பால் லீக்கான ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சீசன் உண்டா இல்லையா என்றே தெரியாதபோது எந்த முதலாளியும் கையை இறுக்கத்தான் செய்வார். கோளாறு அதற்கு மேலே இருக்கிறது. 2010இல் நம் கால்பந்து சம்மேளனம் தன்னுடைய வணிக உரிமைகளை மொத்தமாக 15 வருஷத்துக்கு ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுத்தது, 700 கோடி ரூபாய்க்கு. அந்த ஒப்பந்தத்தில் பிறந்ததுதான் ஐ.எஸ்.எல். ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8 அன்று முடியும் என்பது கையெழுத்துப் போட்ட அன்றைக்கே தெரியும். பெங்களூரில் வீட்டை லீஸுக்கு விடுகிற வீட்டுக்காரர்களை நமக்குத் தெரியும் அல்லவா? மொத்தப் பணத்தையும் வாங்கிச் செலவழித்துவிட்டு, குடியிருப்பவர் காலி செய்கிற நாளில் அடுத்த ஆளும் இல்லாமல், கையில் காசும் இல்லாமல் முழிப்பார்கள். சம்மேளனம் அப்படித்தான் முழித்தது.

அப்புறம் நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சம்மேளனத்தின் சட்டதிட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்ததால் புது ஒப்பந்தம் பேச முடியவில்லை. ஜூலையில் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. லீக்கை நடத்த டெண்டர் விட்டார்கள். நவம்பர் 7 கடைசி நாள். ஒருவர்கூட ஏலம் கேட்கவில்லை! 2026 ஜனவரியில் சுனில் சேத்ரி, குர்பிரீத் சிங், சந்தேஷ் ஜிங்கன் எல்லாம் வீடியோவில் வந்து, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாதான் எங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டார்கள். நாட்டுக்காக ஆடியவர்கள் வெளியூர்ப் பஞ்சாயத்தைக் கூப்பிடுகிற நிலைமை. கடைசியில் விளையாட்டு அமைச்சர் அறிவித்து, பிப்ரவரி 14 அன்று லீக் தொடங்கியது. 14 அணிகள், ஒவ்வொன்றும் மற்றதோடு ஒரே ஒரு முறை, மொத்தம் 91 ஆட்டம்.

'அதான் தொடங்கியாச்சே, இன்னும் என்ன?' என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவர்களோடுதான் சண்டை.

சேத்ரியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவர் சம்பாதித்த பெயரும் பணமும் அவரைப் பார்த்துக்கொள்ளும். நான் நினைப்பது பெயர் தெரியாத அந்த இருபத்து மூன்று வயது விங் பேக்கை, மைதான ஓரத்தில் ஓடி ஆடுகிறவனை. பெஞ்சில் உட்கார்ந்து எழுபதாவது நிமிஷத்தில் இறங்குகிறவன். அவனுடைய ஆட்டக்காலம் மிஞ்சிப்போனால் பத்து வருஷம். அதில் அரை வருஷம் லீக் இல்லை, சம்பளம் இல்லை, அடுத்த ஒப்பந்தம் கிடைக்குமா என்றும் தெரியவில்லை. முழங்கால் போனால் அதோடு சரி. பிசியோ, உடைகளைப் பார்த்துக்கொள்கிறவர், இவர்களுக்கும் சேர்த்துத்தான் சம்பளம் நின்றது. செய்தியில் இவர்களுக்கு 'ஊழியர்கள்' என்று ஒரு சொல் கிடைத்தது. அக்டோபரில் மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பு போனபோது கோச்சைத் திட்டினோம். லீக் ஆட்டம் ஆடிப் பல மாதமான கால்கள் அவை என்பதை எத்தனை பேர் பேசினோம்?

நம் பகுதியில் இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. கௌதமபுரத்தில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவும் பந்தோடு நிற்கிறார். இந்தியாவில் வேறு எந்தத் தெருவுக்கு இந்தத் தைரியம் வரும்? கண்டோன்மென்ட் தெருக்களில் வெறுங்காலில் ஆடிய ஊர் இது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியா 1-2 என்று தோற்றது. அந்த ஒரு கோல், ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோல், பெங்களூர்க்காரர் சாரங்கபாணி ராமன் போட்டது. இரண்டு பெனால்டியை வேறு வீணடித்தோம், அந்த வயிற்றெரிச்சலை இன்றைக்கு விட்டுவிடுகிறேன். கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் பேர்பெற்ற ஐவர் முன்வரிசையில் நம் தன்ராஜ் உண்டு, அகமது கானும் உண்டு. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தார் அருமைநாயகம். மோகன் பகான் ரசிகர்கள் அவரை 'பேபி டாக்சி' என்று கூப்பிட்டார்கள். குள்ளமான ஆள், சந்துபொந்தில் புகுந்து போய்விடுவார்.

இவர்கள் கல்கத்தாவுக்குப் போய்ப் பேர் வாங்கியவர்கள். இங்கேயே இருந்தவர்களுக்கு சோறு போட்டது எது? ஐ.டி.ஐ. (டெலிபோன் தொழிற்சாலை), எச்.ஏ.எல். (விமானத் தொழிற்சாலை), எல்.ஆர்.டி.இ. (ராடார் ஆய்வகம்) மாதிரி அரசு நிறுவனங்களின் அணிகள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, காலையில் பயிற்சி, பிறகு சீட்டில் போய் உட்கார வேண்டும். சம்பளம் ஒன்றாம் தேதி. கால் உடைந்தாலும் வேலை போகாது. இந்த அரங்கில் சிலருக்கு இன்னும் பென்ஷன் வருகிறது என்றால் அது பந்து கொடுத்த பென்ஷன்.

உடனே 'அந்தக் காலமே நல்ல காலம்' என்று கைதட்டாதீர்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த நிறுவனங்களே ஆளெடுப்பதைச் சுருக்கிக்கொண்டன. அப்போது நாட்டின் முதல்நிலை லீக்காக இருந்த ஐ-லீக் வரை போய் ஆடிய எச்.ஏ.எல். 2012இல் கீழே இறங்கியது. அதற்கு அடுத்த வருஷம் பெங்களூரு எஃப்.சி. வந்தது. முதல் சீசன் ஆட்டங்களை நம் மகராத் ரோடு ஃபுட்பால் ஸ்டேடியத்தில் ஆடி அந்த வருஷமே ஐ-லீக்கை வென்றது. 2016 அக்டோபரில் கண்டீரவாவில் மலேசியாவின் ஜோகோர் அணியை 3-1 என்று அடித்து, ஆசிய கிளப்புகளுக்கான ஏ.எஃப்.சி. கோப்பை இறுதிக்குப் போனது. எந்த இந்திய அணியும் அதுவரை போகாத இடம். முழுநேர ஆட்டக்காரன், முழுநேர கோச், ஒழுங்கான சாப்பாடு, இவை இல்லாமல் அது நடந்திருக்காது. எனவே தொழில்முறை ஆட்டம் வேண்டும். அதில் ஒன்றாம் தேதி சம்பளமும் வேண்டும். இரண்டும் சேராது என்று யார் சொன்னது?

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. சீசன் தொடங்கும் முன் ஒவ்வொரு கிளப்பும் தன் ஆட்டக்காரர்கள், ஊழியர்கள் அத்தனை பேருடைய ஒரு வருஷச் சம்பளத்துக்கும் வங்கி உத்தரவாதம் காட்ட வேண்டும். காட்டாத கிளப்புக்கு லைசென்ஸ் இல்லை. எத்தனை அணி மிஞ்சும் என்று பயப்படுகிறார்கள். எட்டு மிஞ்சட்டும், சம்பளம் கொடுக்கிற எட்டு. காலியாகிற இடத்துக்குக் கீழேயிருந்து ஜெயித்து வருகிறவன் வரட்டும். அந்தக் கீழ் லீக்கின் கதி என்ன? 2024-25இல், இரண்டாம் நிலையாகிவிட்ட ஐ-லீக்கில், ஏப்ரலில் சர்ச்சில் பிரதர்ஸ் அணியின் கையில் கோப்பையைக் கொடுத்துவிட்டு, ஜூலையில் சுவிட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றம் சொன்ன பிறகு இன்டர் காசியை சாம்பியன் ஆக்கினார்கள். மைதானத்தில் தெரிய வேண்டிய முடிவு விமானம் ஏறிப் போய்விட்டு வந்தது.

கிளப்பையும் சம்மேளனத்தையும் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிட்டால் எப்படி? கேரளா பிளாஸ்டர்ஸ் வந்தால் கண்டீரவாவில் டிக்கெட் கிடைக்காது. 2023 பிளே ஆஃபில் சேத்ரி அடித்த ஃப்ரீ கிக் கோலுக்குத் தகராறு செய்து அவர்கள் பாதியில் வெளியேறினார்களே, அதற்குப் பிறகு கேட்கவே வேண்டாம். ஆனால் மகராத் ரோட்டில் மாவட்ட லீக் நடக்கும்போது படிக்கட்டில் எத்தனை தலை தெரிகிறது? ஆஸ்டின் டவுன் பையன் முதலில் அங்கேதான் ஆடுகிறான். அங்கே கூட்டம் இருந்தால் ஒரு டீக்கடைக்காரராவது விளம்பரப் பலகை வைப்பார். போட்டி அமைப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மேட்ச் எத்தனை மணிக்கு என்பதை ஒரு வாரம் முன்னாலேயே ஒட்டுங்கள். வேலைக்குப் போகிறவன் மதியம் 3 மணி ஆட்டத்துக்கு எப்படி வருவான்?

இந்த 91 ஆட்ட லீக்கைப் புறக்கணிக்கச் சொல்லி சில ரசிகர்கள் பேசுகிறார்கள். நான் புறக்கணிக்க மாட்டேன். காலி இருக்கைகளைப் பார்த்து வருத்தப்படப்போவது சம்மேளன அதிகாரி இல்லை, அந்த விங் பேக்தான். ஸ்டேடியத்துக்குப் போவேன், மேற்கு பிளாக்கில் நின்று கத்துவேன். சம்பள உத்தரவாதம் எங்கே என்று எழுதிய பலகையையும் தூக்கிக்கொண்டு போவேன். கூட வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடதுபக்கம் வாருங்கள், பலகைக்கு அட்டை வாங்க ஆள் வேண்டும்.