அத்தைக்கு ஒரு வாய் பாயசம் கொடுக்கலாமா?

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. மும்பை சயான் கோலிவாடாவிலிருந்து ஒரு தங்கை அனுப்பியிருக்கிறார். மாமியாருக்கு மார்பகப் புற்றுநோய். பரேலில் உள்ள டாடா புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வைத்தியம், மூன்று தவணை கீமோ, அதாவது புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து, முடிந்துவிட்டது. சர்க்கரைதான் புற்றுநோய்க்குத் தீனி என்று வீட்டுக்காரர் போனில் எதையோ பார்த்துவிட்டு சோறு, பால், பழம், சீனி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாராம். காலையும் மாலையும் கேரட் பீட்ரூட் ஜூஸ். 56 கிலோ இருந்தவர் இப்போது 51. கேள்வி இதுதான்: "பேரனுக்குப் பிறந்தநாள் வருகிறது அக்கா, அத்தைக்கு ஒரு வாய் பாயசம் கொடுத்தால் தப்பா?"

ஒரு வாய் எதற்கு, ஒரு கிண்ணமே கொடுங்கள். அவருக்கு நீரிழிவு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. ஆனால் கீமோவோடு ஸ்டீராய்டு கொடுப்பதுண்டு, அதில் ரத்தச் சர்க்கரை ஏறலாம். அதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் தீனிப் பேச்சு முழுப் பொய்யும் இல்லை, அதுதான் வம்பு. ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1920களிலேயே கவனித்தார், புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை அள்ளி இழுக்கின்றன என்று. குளுக்கோஸ் மாதிரியான ஒரு மருந்தை ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரிவது அதனால்தான். ஆனால் சோற்றை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காது. உடம்பு தன் தசையைக் கரைக்கும், கல்லீரல் அதிலிருந்து குளுக்கோஸ் செய்துகொள்ளும். பட்டினி கிடந்தது அத்தை மட்டும்தான். அந்த 5 கிலோவில் எவ்வளவு தசையோ!

வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், நான் எடை மெஷின் பைத்தியம். மறுபடியும் சொல்கிறேன், திட்டாதீர்கள். வாரம் ஒரு நாள், காலையில், அதே மெஷினில் எடை பாருங்கள். எடை இறங்கினால் அடுத்த கீமோ வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரி டயட்டீஷியனிடம் சொல்லுங்கள். புரதம் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வேண்டும். அத்தைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஜூஸில் 2 கிராம் தேறினால் பெரிது. முட்டையை நன்றாக வேக வையுங்கள், ஆஃப்பாயில் வேண்டாம். கீமோவில் வெள்ளை அணுக்கள் குறையும், கிருமி சுலபமாகத் தொற்றும். கடை ஜூஸும், வெட்டி வைத்த பழமும் அதே கணக்குதான்.

வாசமும் ஒரு தொல்லை. மாட்டுங்காவில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார், அவருக்கும் கீமோ. மாமி ரசம் தாளித்தால் போதும், வாசம் பொறுக்காமல் கதவைச் சாத்திக்கொள்வார். மாமிக்கு ஒரே அழுகை, நாற்பது வருஷம் பாராட்டிய ரசம் ஆயிற்றே! ஆறின சாப்பாட்டில் வாசம் அவ்வளவு எழாது. காலையில் செய்த இட்லியை ஆறவிட்டுத் தயிரில் ஊறப்போட்டுக் கொடுங்கள் என்றேன். சாப்பிட்டார். ஸ்பூன் பட்டாலே இரும்பைக் கடித்த மாதிரி இருக்கிறது என்றார், பிளாஸ்டிக் ஸ்பூன் வாங்கச் சொன்னேன். "வெள்ளித் தட்டில் சாப்பிட்ட மனுஷனுக்குப் பிளாஸ்டிக்கா?" என்று மாமி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

என்ன கொடுக்கலாம் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். எந்த வேளையில் கொஞ்சம் பசிக்கிறது என்று அத்தையிடம் யாராவது கேட்டீர்களா? பலருக்குக் காலையில்தான் வாய் திறக்கும், அப்போது பார்த்து நாம் ஜூஸை நீட்டி வயிற்றை ரொப்பிவிடுகிறோம். பசிக்கும் வேளையைப் பிடியுங்கள். பருப்புச் சாதம், மீன், சத்துமாவுக் கஞ்சி, எது இறங்குகிறதோ அது, கொஞ்சம் கொஞ்சமாக ஆறு தடவை. வீட்டுக்காரரையும் திட்டாதீர்கள், பயத்தில் செய்திருக்கிறார். ஜூஸ் போடும் வேலையை விட்டுவிட்டு முட்டை வேக வைக்கச் சொல்லுங்கள்.

பாயசம் பாசிப்பருப்புப் பாயசமாக இருக்கட்டும், பாலைத் தாராளமாக ஊற்றுங்கள். வாயில் புண் இருந்தால் முந்திரியை அரைத்துக் கலந்து, நன்றாக ஆறவிட்டுக் கொடுங்கள்.