எத்தனை பேர் அல்ல, எந்தப் பேர்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் அதிபர் தேர்தல் வந்துவிட்டால் நம் ஊர்ப் பத்திரிகைகளிலும் கருத்துக்கணிப்பு எண்கள் வரத் தொடங்கிவிடும். உடனே ஒரு கேள்வியும் எழும். ஆயிரம் பேரைக் கேட்டுவிட்டு, 30 கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாட்டின் மனத்தை எப்படிச் சொல்ல முடியும்? முடியும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அது சரிதான். ஆனால் பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான் சரி.

1936-இல் நடந்ததைச் சொல்கிறேன். லிட்டரரி டைஜஸ்ட் என்று அங்கே ஒரு வாரப் பத்திரிகை. அதற்கு முந்தைய சில அதிபர் தேர்தல்களில் வெற்றியாளரைச் சரியாகச் சொல்லிப் பேர் வாங்கியிருந்தது. அந்த ஆண்டு பதவியில் இருந்த அதிபர் ரூஸ்வெல்ட்டும் அவரை எதிர்த்து நின்ற லாண்டனும் மோதினார்கள். பத்திரிகை ஒரு கோடி மாதிரி வாக்குச்சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது. ஆமாம், ஒரு கோடி! 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. எண்ணிப் பார்த்து, லாண்டனுக்கு 57 சதவீதம் என்று அறிவித்தார்கள். நடந்தது என்ன? ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத வாக்குடன், 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். லாண்டனுக்கு மெயினும் வெர்மான்ட்டும் மட்டும்தான்.

முகவரிகள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். தொலைபேசிப் புத்தகம், கார் பதிவேடு. பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்தில் வீட்டில் தொலைபேசி, வாசலில் கார் என்றால் அது யார் வீடு? வேலையிழந்து நின்றவருக்குச் சீட்டே போகவில்லை. போன இடத்திலும் மெனக்கெட்டுப் பதில் எழுதியவர்களில் ரூஸ்வெல்ட்டைப் பிடிக்காதவர்களே அதிகம்.

கருத்துக்கணிப்பு நடத்தி வந்த ஜார்ஜ் கேலப் என்பவர் இதை முன்கூட்டியே கண்டுபிடித்தார். டைஜஸ்ட் சீட்டு அனுப்பும் முன்பே, அதே மாதிரிப் பட்டியலிலிருந்து கொஞ்சம் பேரைக் கேட்டுப் பார்த்து, 'அவர்கள் லாண்டன் என்றுதான் சொல்லப்போகிறார்கள், அது தப்பாகப் போகும்' என்று எழுதிவிட்டார். பத்திரிகைக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும்! கேலப் தம் கணிப்பில் ரூஸ்வெல்ட்டுக்குக் கொஞ்சம் குறைத்தே கொடுத்திருந்தார். ஆனால் ஜெயிப்பவரைச் சரியாகச் சொன்னார். இரண்டே ஆண்டில் டைஜஸ்ட் நின்றுபோனது. திரும்பவும் சொல்கிறேன்: எத்தனை பேரைக் கேட்டோம் என்பதல்ல, எந்தப் பேரைக் கேட்டோம் என்பதுதான் கேள்வி.

சரி, கேட்கப்படுகிறவர் மனத்தில் அந்தக் கருத்து எப்படி வந்தது? பெரும்பாலும் வீட்டிலிருந்து. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1965-இல் பள்ளி இறுதி மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் தனித்தனியே கேட்டார்கள். எந்தக் கட்சி என்பதில் பிள்ளைகள் பெற்றோரை நன்றாகவே ஒத்திருந்தார்கள். மற்ற பல விஷயங்களில் அவ்வளவு ஒற்றுமை இல்லை. அந்தக் கட்சிப் பற்று பிறகு மூக்குக்கண்ணாடியாகவே ஆகிவிடுகிறது, எதையும் அதன் வழியாகத்தான் பார்க்கிறோம். 2016-இல் டிரம்ப் வென்றவுடன், அவர் பதவி ஏற்கும் முன்பே, பொருளாதாரம் நன்றாகப் போகிறது என்று சொல்லும் அவருடைய குடியரசுக் கட்சியினர் சட்டென்று கூடினார்கள். கடைச் சாமான் விலையோ சம்பளமோ அந்தச் சில நாளில் மாறிவிடவில்லை.

கேள்வியின் வார்த்தையும் பதிலை மாற்றும். 1980-களின் நடுவில், 'ஏழைகளுக்கான உதவிக்கு அரசு செலவிடுவது போதாது' என்றவர்கள் 60 சதவீதத்துக்கும் மேல். அதே கேள்வியில், அரசு உதவித்தொகையைக் குறிக்கும் 'வெல்ஃபேர்' என்ற சொல்லைப் போட்டுக் கேட்டபோது, போதாது என்றவர்கள் கால்வாசிப் பேர்கூட இல்லை.

நேரம் முடியப்போகிறது, கடைசி விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கருத்துக்கணிப்பு நடத்தும் ப்யூ ஆய்வு மையம் என்ற அமெரிக்க நிறுவனம் தொலைபேசியில் அழைத்தபோது 1997-இல் 36 சதவீதம் பேரிடம் பேட்டி எடுக்க முடிந்தது. 2018-இல் வெறும் 6 சதவீதம். அதிலும் கல்லூரி படித்தவர்கள் கூடுதலாகப் பதில் சொல்கிறார்கள். அவர்களிடம் டிரம்புக்கு ஆதரவு குறைவு. 2016-இல் பல மாநிலக் கணிப்புகள் இதற்கு ஈடுகட்டாமல் விட்டன. விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களில் டிரம்பின் ஆதரவு குறைத்துக் காட்டப்பட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அடுத்த தேர்தலில் இன்னும் பலர் கல்வியையும் கணக்கில் சேர்த்தார்கள். ஆனாலும் 2020 கணிப்புகளிலும் டிரம்பின் ஆதரவு உள்ளதைவிடக் குறைவாகவே காட்டப்பட்டது. அதைப் பற்றிப் பேச இன்று நேரமில்லை. வணக்கம்.